பானட் மேல் வைத்த கை

வியாழன், அக். 9

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. நிலாவின் யூனிஃபார்ம் ஃபேனுக்குக் கீழே.

வாங்க: இன்ஹேலர் (தீரப்போகிறது), அதற்கு மாஸ்க், பச்சரிசி, எல்கேஜி மிஸ் கேட்ட சார்ட் பேப்பர்.

பிரபு ஆபீஸிலிருந்து ஃபோட்டோவாக அனுப்பித் தள்ளினார். குமணன்சாவடியில் ஒரு வண்டி. வெள்ளை, டீசல், ஏழு சீட்டு. லட்சத்து எண்பதாயிரம் கி.மீ. ஓடியது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டீசல் இன்ஜினுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல கவி." நான் பயப்படுவதற்கு முன்பே பதில்.

நம் பட்ஜெட்டுக்குப் புதிதில் சின்னதுகூட வராது. பெரியதே இருக்கட்டும், பழையதே இருக்கட்டும். கூப்பிட்ட நேரத்தில் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். போன மழைக்கு நிலாவுக்கு இளைப்பு வந்த விடியற்காலை. ஆட்டோ புக் ஆவதும் கேன்சல் ஆவதுமாக. கடைசியில் பைக். மழைக்கோட்டுக்குள் அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பின்னால் நான். காட்டுப்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், மழைச் சத்தத்துக்குள் அவள் மூச்சுச் சத்தத்தைத் தேடிக்கொண்டே. டாக்டர் சொன்னது: "இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தீங்கன்னா..."

இந்த வருஷ மழை வந்துகொண்டிருக்கிறது.

வெள்ளி, அக். 10

சமைத்துக்கொண்டே பழைய வண்டி வாங்குவது பற்றி வீடியோக்கள். குழம்பு அடிப்பிடித்தது. எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். சூடான இன்ஜின் சீக்கை மறைத்துவிடும்.

பி.யிடம் சொன்னேன். "சரி சரி." அதற்குள் ஆத்தூரிலிருந்து அத்தை போன், பி.யின் அம்மா. நாளை பத்தரை வரை ராகு காலமாம், அது கழிந்துதான் வண்டியில் கை வைக்கணுமாம். பி. உடனே புரோக்கருக்கு போன் போட்டார். "ராகு காலம் முடிஞ்சதும் கரெக்டா வந்துடறோம்ணே."

சனி, அக். 11

புரோக்கர் கூலிங் கிளாஸ். வாயில் பாக்கு.

"வாங்க சார், வாங்க சிஸ்டர். வண்டி இன்னா கண்டிசன்ல கீது பாருங்க! ஓனரு பெத்த புள்ள மாரி பாத்துக்கினாரு."

பானட்டில் கை வைத்தேன். சுட்டது. வெயிலே இல்லாத காலை.

"இப்பதான் ஓட்டினீங்களா?"

"வாட்டர் வாஷுக்கு இட்டுகினு போய் வந்தேன் சிஸ்டர். அழுக்கா நிறுத்துனா நீங்கதான் மூஞ்ச சுளிப்பீங்க."

பி. சாவியைத் திருப்பினார். உடனே பற்றிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாமா, பி.யின் அப்பா, ஆயுசுக்கும் அடுத்தவர் வண்டி ஓட்டியவர். பின் சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவரை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகணும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே பி. சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பூந்தமல்லி பக்கம் ஒரு ரவுண்டு. ஏசி நன்றாக இருக்கிறது. நிலா மூன்று வரிசை சீட்டிலும் மாறி மாறி ஏறினாள்.

திரும்பி வந்ததும் வீடியோ காலில் அத்தை. நெற்றி நிறைய விபூதி. "தீபாவளிக்கு இதுலயே வந்துடுங்க." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்துவிட்டது போல. "நல்ல காரியத்துல குறை எதுவும் சொல்லிடாத தாயி. வாயி வார்த்தை பலிச்சுடும்." மூடிக்கொண்டேன். வெற்றிலையில் வைத்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

"டோக்கன் ரிட்டன் கெடையாது சார், இப்பவே சொல்ட்டேன். நெமிலிச்சேரி பார்ட்டி ஒண்ணு காத்துகினு கீது."

நேரம் சொல்லிவிட்டுப் போனோம். அவன் சூடாக்கி வைத்துக் காத்திருந்தான். எங்கள் தப்பு. வாயே திறக்காதது என் தப்பு.

ஞாயிறு, அக். 12

இட்லி, நிலாவுக்குத் தலைக்குக் குளியல் (சுடுதண்ணீர், உடனே துவட்டியாச்சு). வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் வண்டி விஷயம் தெரிந்துவிட்டது. "ட்ரீட் எப்ப சார்?"

சீட் கவர் கலருக்குச் சண்டை. எனக்குச் சீட் கவர் ஒரு பொருட்டே இல்லை. பி.யும் கத்தவில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். சொல்லிவிடலாமா? சொன்னால், "அங்கேயே சொல்ல வேண்டியதுதானே" என்பார். நியாயம்தான்.

காலண்டரைப் பார்த்தேன். திங்கள் ராகு காலம் ஏழரை முதல். அந்த நேரத்தில் வண்டி பார்க்க யாரும் வரமாட்டார்கள். யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

பயமாக இருக்கிறது. வண்டிக்கா, ராகு காலத்துக்கா, தெரியவில்லை.

திங்கள், அக். 13

நிலாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டேன். பி. அதற்கு முன்பே ஷிஃப்டுக்கு. ஷேர் ஆட்டோவில் குமணன்சாவடி. அவரிடம் சொல்லாமல் இவ்வளவு தூரம் போனதில்லை.

புரோக்கர் இல்லை. ஓனர் மட்டும், லுங்கி, வாயில் பிரஷ். என்னைப் பார்த்ததும் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னா தங்கச்சி, ராகு காலத்துல வந்துகீற?"

"ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கண்ணா. உள்ளே உட்கார்ந்து பார்க்கணும்."

பானட் சில்லென்று இருந்தது. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன். முதல் தடவை இழுத்து இழுத்து நின்றுபோனது. மறுபடி. மறுபடியும். பேட்டரி களைத்துப்போகிற சத்தம்.

"காத்தால இப்டிதாம்மா. தூங்கினு கீறவன எழுப்புனா ஒடனே எந்திரிப்பானா? கொஞ்சம் டைம் குடு."

ஒரு வழியாகப் பிடித்தது. வெள்ளையாகப் புகை, காம்பவுண்டே தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். "தெனத்துக்கும் இதே ரோதன."

டைம் கொடுக்கலாம்தான். நிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் விலா உள்ளே ஒட்டி ஒட்டிப் போக, இந்த வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். வீடியோவை நிறுத்தினேன்.

ஷேர் ஆட்டோவில் இருந்தே பி.க்கு அனுப்பினேன். நீல டிக். பதில் இல்லை. மதியமும் இல்லை.

சாயங்காலம் வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"உனக்கு முன்னாடியே நான் தொட்டுப் பார்த்துட்டேன் கவி. பானட்ட."

"தெரிஞ்சுமா கொடுத்தீங்க?"

"வீடியோ கால்ல அம்மா பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பார்த்தாரு. நீ ஏதாச்சும் சொல்லுவ, அத வச்சு நிறுத்திடலாம்னு நினைச்சேன்."

கோபம் வந்தது. உடனே போகவும் இல்லை. ஆனால் அவரேதான் புரோக்கருக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"இன்னா சார் இது, சின்னப்புள்ள வெளாட்டா கீது? ஊட்டம்மா வேணான்ட்டாங்களா?"

"நான்தான் வேணாங்கறேன். டோக்கன் போனா போகட்டும்."

போனை வைத்த பிறகுதான் ஷூவைக் கழற்றினார். அடுத்தது ஆத்தூர். அவர் போனை எடுக்கும் முன் நான் எடுத்தேன். ராகு காலத்தில் போனதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"சரி தாயி. மழை புடிச்சா புள்ளய எதுல தூக்கிட்டுப் போவீங்க?"

"வேற வண்டி பார்க்கறோம் அத்தை."

"எப்ப?"

ஆவடியில் ஒன்று இருக்கிறதாம். சின்னது. சொல்லாமல் கொள்ளாமல் விடியும்போதே போய் நிற்பது என்று முடிவு. ஞாயிறுதான் முடியும்.

நிலா தூங்கிவிட்டாள். மூக்கு லேசாக அடைத்திருக்கிறது. வெளியே தூறல். பி. கீழே போய், பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.