முதல் பல்லில் சிக்கிய சீட்

ஜனவரி 12

அகில உலகப் பழைய இரும்பு ரசிகர்களின் தலைவரும், கையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமலே வண்டி புதுப்பிக்கும் வித்தகரும், என் அக்காவின் ஒரே தவப்புதல்வருமாகிய மருமகப் பெருமானுக்கு, இரண்டு கையும் கிரீஸாக உன் மாமன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் நலம், என் மூக்கைத் தவிர. ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்காதே. போனில் திட்டினால் நீ அதை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாய். காகிதத்தில் திட்டினால் படித்துத்தான் தீர வேண்டும்.

"மாமா, அப்பாவோட பிக்கப்பை சேஸிலிருந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் புதுசு பண்ணுங்க. ஆகஸ்டில் பழைய வண்டிகள் ஊர்வலத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போகணும்" என்று நீ ஆணையிட்டாலும் இட்டாய். அன்றிலிருந்து நான் குளித்தாலும் குளிக்காதவன்தான்.

சீச்சீ, என்ன வண்டி இது! பானெட்டைத் திறந்தால் எலிகள் ஏழு தலைமுறை அரசாண்டிருக்கின்றன. காற்று வடிகட்டியில் பிரசவ ஆஸ்பத்திரி, டேஷ்போர்டுக்குப் பின்னால் சுடுகாடு. கியர் பெட்டியைத் திறந்ததும் வந்த வாடைக்கு அடுத்த வீட்டு நாய் குடும்பத்தோடு வீடு மாறிவிட்டது. உள்ளே இருந்தது ஆயிலா, கோந்தா என்று நானும் கரண்டியும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட அருவருப்பு, எந்தக் காலத்திலோ எவனோ ஒரு டிங்கர் பார்த்து வைத்த வேலை. இடது பக்க மட்கார்டில் சுத்தியலால் தட்டினேன். இரும்புச் சத்தம் வரவில்லை, சுவர்ச் சத்தம் வந்தது. உள்ளே கோணிச் சாக்கை அடைத்து மேலே மூன்று விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருக்கிறான், மகாபாவி. காந்தத்தை வைத்தால் வழுக்கி விழுகிறது. அந்தப் பக்கத்துக்கு வண்டி வரி கட்டியது தப்பு, வீட்டு வரி கட்டியிருக்க வேண்டும்.

அக்கா தினமும் ஷெட் வாசல்வரை வந்து, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, "இதக் கொளுத்திட்டு அவனுக்கு ஒரு பொம்மை கார் வாங்கி அனுப்புடா" என்கிறாள். நியாயமான யோசனை.

இன்னொரு ரசிகரும் இருக்கிறார். எதிர் குடோன் வாட்ச்மேன், நம்ம ஹேண்ட்பிரேக்தான். போய்ச் சேர்ந்த உன் அப்பாவுக்குப் பத்து வருஷம் இதே வண்டியை ஓட்டிய மனுஷன். சரிவில் நிறுத்திவிட்டு ஹேண்ட்பிரேக் போடாமல் சாப்பிடப் போனார், வண்டி தானாக உருண்டு கீழே பாலத்துச் சுவரில் முட்டியது, வேலை போனது, அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாடியிலிருந்து அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நீ; உனக்கே நான் கதை சொல்கிறேன் பார்! அன்றைக்கு உன் அப்பா கயிறு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் தள்ளியதுதான், அதற்குப் பிறகு இதில் எலியைத் தவிர யாரும் ஏறவில்லை. இப்போது அவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார். "வாங்களேன் உள்ள" என்றால், "இல்லீங்க, இங்கயே இருக்கேன்" என்கிறார்.

இரும்புத் தூளை இருமியபடி,
துருப்பிடித்த சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி,
உன் மாமா

*

ஜனவரி 29

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து இங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலக நண்பர்களுக்கும் எலி ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன்.

நிறம் முடிவு செய்துவிட்டேன்: காய்ந்த மணலின் நிறம், பளபளப்பு இல்லாமல். எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் அந்தப் பெட்டி, அச்சுகள் எல்லாம் பழையதே இருக்கட்டும். ஆனால் சீட்டும் அதன் கீழே உள்ள தளத் தகடும் வேண்டாம். அவற்றைச் சீர்படுத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். பார்க்கக்கூட வேண்டாம், வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். இங்கிருந்து புது சீட் இரண்டு அனுப்புகிறேன்.

அப்புறம் மாமா, அந்த வாட்ச்மேனை உள்ளே விட வேண்டாம். பொருள்கள் சிதறிக் கிடக்கும் இடம். அம்மாவுக்கு என் அன்பு.

அன்புடன்,
உங்கள் மருமகன்

*

பிப்ரவரி 20

சீட் வள்ளல் மருமகனுக்கு,

பார்க்க வேண்டாம் என்றால் பார்க்கிற சாதி நான் என்பது உனக்குத் தெரியாதா?

வண்டியின் உடம்பைத் தூக்கியாயிற்று. சேஸ் தனியாக, சதை கழன்ற எருமை எலும்பு போல ஷெட் நடுவில் கிடக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததில் நான் விழுங்கிய துருவுக்கு இனி ஆயுசுக்கும் இரத்த சோகை வராது. வலது முன்பக்கம் உள்ளே மடிந்திருக்கிறது. பாலத்துச் சுவர் கொடுத்த முத்தம். அதைச் சூடுகாட்டி இழுத்து நேராக்கிவிட்டேன். அந்த வீரத்தை நான் பாடினால் நாலு நாள் பாடுவேன். இன்று பாட மனசில்லை.

டிரைவர் சீட்டுக்கு வருகிறேன். அது இரண்டு இரும்புப் பட்டைமேல் முன்னும் பின்னும் நகரும். பட்டையில் வரிசையாகப் பற்கள். லீவரைத் தூக்கி, உன் காலுக்கு ஏற்ற பல்லில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த சீட் நகரவில்லை. ஆயில் ஊற்றினேன், தட்டினேன், உன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அப்புறம் குனிந்து பார்த்தால், மோதிய வேகத்தில் தளத் தகடு மேலே எழும்பி, சீட்டுப் பட்டையைப் பாக்குவெட்டி மாதிரி கவ்விப் பிடித்திருக்கிறது. அந்த நொடியில் சீட் எந்தப் பல்லில் இருந்ததோ அங்கேயே சிறைப்பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அது அசையவே இல்லை.

எந்தப் பல் தெரியுமா? முதல் பல். ஸ்டீயரிங்கை மூக்கால் திருப்பலாம், அவ்வளவு முன்னால்.

எதிர் குடோன்காரர் ஒட்டகத்துக்குக் காக்கிச் சட்டை போட்ட உயரம். பத்து வருஷமும் சீட்டைக் கடைசிப் பல்லுக்குத் தள்ளி, அப்படியும் முழங்காலைக் காதோரம் வைத்துக்கொண்டு ஓட்டியவர். வண்டி ஆளில்லாமல் உருண்டிருந்தால் சீட் அவர் விட்ட இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? யாரோ குட்டையானவன் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கிளட்சுக்குக் கால் எட்ட வைத்து, ஓட்டிப்போய் மோதியிருக்கிறான். சாவியை வண்டியிலேயே தொங்கவிடுவது உன் அப்பாவின் வழக்கம். அன்றைக்கு வீட்டில் பதினெட்டு வயசில், கொடிக்கயிற்றை எட்டிப் பிடிக்க முக்காலி தேடுகிறவன் ஒரே ஒருத்தன்தான் இருந்தான்.

எலிச் சுடுகாட்டில் கைவிட்டபோதுகூட எனக்குக் குமட்டவில்லை மருமகனே. இப்போது குமட்டுகிறது. மோதினதற்கு இல்லை. பதினெட்டு வயசில் மோதாதவன் யார்? மாடியிலிருந்து பார்த்தேன் என்றாயே, அதற்கு. எதிரே நிற்கிற மனுஷனைத் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட "ஹேண்ட்பிரேக்கு, ஹேண்ட்பிரேக்கு" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுகின்றன. அன்றோடு சரி, அவரை நம்பி ஒருத்தரும் வண்டியைக் கொடுக்கவில்லை.

தளத்தையும் சீட்டையும் பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி ஷெட்டில் வைத்திருக்கிறேன். சேஸுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அடிப்பதற்குள் நீயே உன் அம்மாவுக்கு எழுது. குடோன்காரருக்கும் ஒரு கடிதம் எழுது. என் வாயால் வர வேண்டாம்.

மாமா

*

மார்ச் 9

அன்புள்ள மாமா,

உங்களுக்குக் கதை கட்டும் திறமை எப்போதும் உண்டு. எலியை யானையாக்குவீர்கள். ஆனால் இது அதிகம்.

அன்றைக்கு ஏதோ நடந்தது. நான் சின்னப் பையன். அப்பாவின் கோபம் உங்களுக்குத் தெரியும். கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன். அப்பா எப்படியும் அந்த டிரைவரை மாற்றத்தான் நினைத்திருந்தார். அவரும் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, வேலை இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறார். இதையெல்லாம் இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம்?

அம்மாவிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர்கள் தாங்க மாட்டார்கள். சொன்னாலும், வருத்தப்படாதீர்கள் மாமா, நீங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? இன்னொரு மாமா கதை என்று தெருவே சிரிக்கும்.

சீட்டுகள் கப்பலில் வருகின்றன. அந்தத் துண்டை எறிந்துவிட்டுச் சீக்கிரம் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஊர்வலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
மருமகன்

*

ஏப்ரல் 2

மருமகனுக்கு,

அக்காவுக்குக் கடிதம் வரவில்லை. பெயின்ட் அடிக்காத சேஸில் காலை ஈரம் பட்டு மறுபடி துரு பூத்துவிட்டது. இரண்டாம் முறை தேய்க்கிறேன். மூன்றாம் முறை தேய்க்க மாட்டேன்.

மாமா

*

ஜூன் 15

மருமகனுக்கு,

வண்டி தயார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு எலியும் வராது, நீ நம்பி வாசிக்கலாம்.

நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டாய். சரியான கேள்வி. அதனால் நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். அக்காவுக்கே சந்தேகம் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் காபி கொண்டுவந்தவள் அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"இது ஏன்டா இவ்ளோ முன்னாடி இருக்கு?"

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டிரைவரு காலு இதுக்குள்ள எப்பிடி மடங்கும்?"

இன்னொரு ஸ்பேனரை எடுத்தேன்.

"வாயத் தொறடா. ஒலகத்துல இல்லாததெல்லாம் சொல்லுவியே."

"நீயே பாருக்கா," என்றேன்.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்றத்தில், எலி கடித்த மெத்தைமேல், புடவையோடு அக்கா ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பாதம் அச்சாகப் போய் நின்றது. குனிந்து அதைப் பார்த்தாள். "என் உயரம்தான் அவனுக்கும்," என்றாள். எழுந்து போய்க் குளித்தாள்.

ஈரத் தலையோடு நேரே குடோன் கேட்டுக்குப் போனாள். அந்த மனுஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கே அந்தப் பெயர் மறந்திருந்தது.

"யாரயோ கூப்பிடறீங்கன்னு திரும்பிப் பாத்தேம்மா," என்றார் அவர்.

"நீங்க அன்னிக்குப் பிரேக் போட்டுட்டுத்தான் போனீங்க."

"போட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. நாங்கதான் கேக்கல. வண்டிய எடுத்தது என் பையன்."

அவர் அழவில்லை, கும்பிடவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அதான் எனக்குத் தெரியுமே," என்றார். "மேல நின்னு பாத்தேன்னு உங்க பையன் சொன்னப்போ கால்ல செருப்பு இல்ல. ஒத்தச் செருப்பு வண்டிக்குள்ள கெடந்தது. ஐயாகிட்டக் காட்டுனேன். வாங்கிப் பாத்துட்டுச் சாக்கடைல எறிஞ்சாரு."

ஆக உன் அப்பாவுக்கும் தெரியும். கியர் பெட்டி நாற்றம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அந்த வீட்டில் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்கு மறுநாள் சேஸுக்குக் கறுப்பு அடித்தேன். புதுத் தளம் வெட்டிப் பற்ற வைத்தேன். நீ அனுப்பிய சீட்டுகள் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள். பழைய சீட்டுக்கே மெத்தை மாற்றி, பட்டையை நேராக்கி, மசகு போட்டுப் பொருத்தினேன். மணல் நிறம் நீ கேட்டபடியே அடித்தாயிற்று.

நேற்றுச் சாயங்காலம் வண்டியை வெளியே எடுக்க அவரைக் கூப்பிட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். கதவைத் திறந்தார், லீவரைத் தூக்கினார், சீட்டைக் கடைசிப் பல்லுக்குத் தள்ளினார், முழங்காலை மடித்து ஏறினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். குடோனுக்குப் பின்னால் இருக்கும் சேற்றில் இறக்கி, நாலு சக்கரமும் பிடித்து இழுக்க, மேலே ஏற்றிக்கொண்டு வந்தார்.

அப்புறம் நம் தெருச் சரிவில், பழைய இடத்திலேயே, பாலத்துச் சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒவ்வொரு பல்லும் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. இறங்கினார். தெருவில் அத்தனை பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் குடோனுக்கு நடந்து போனார். வண்டி நின்றது.

இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. அதை நகர்த்த நான் ஆள் இல்லை. அக்காவை உனக்கு எழுதச் சொன்னேன். "அவன் எழுதட்டும்," என்றாள்.

சாவியை வண்டியிலேயே விட்டிருக்கிறேன், உங்கள் வீட்டு வழக்கம். சீட் கடைசிப் பல்லில் இருக்கிறது. அங்கிருந்து உனக்குக் கிளட்ச் எட்டாது, நீ முன்னால் இழுத்துத்தான் ஆக வேண்டும். இப்போது ஒரு விரலால் இழுத்தாலே வரும். வருவதானால் பகலில் வா, தெருவில் ஆள் இருக்கும்போது.

மாமா