பேனரில் இருக்கும் என் மகள் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லை

அனுப்புநர்:
சலூன் உரிமையாளர் (பேனரில் உள்ள மாணவியின் தந்தை),
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்:
கல்லூரிகள் ஆய்வு அலுவலர் அவர்கள்,
உயர்கல்வி அலுவலகம்.

பொருள்: உயிரித் தொழில்நுட்பப் பொறியியல் படிப்புக்கு ஆள் சேர்க்க என் மகளின் முகத்தைப் பயன்படுத்தும் தனியார் கல்லூரியின் பேனரை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் மேற்படி படிப்புக்காக இரண்டு கல்லூரிகளை நேரில் பார்த்தாள். நானும் கூடப் போனேன். முதலாவது, இப்புகாருக்குரிய கல்லூரி. ஏ.சி., லிஃப்ட், வாசலிலேயே குளிர்பானம். நான் அங்கேயே சேர்ந்துவிடத் தயாராக இருந்தேன். வயதும் மதிப்பெண்ணும்தான் இடம் கொடுக்கவில்லை. ஆய்வகத்தில் மகளுக்கு வெள்ளை அங்கி மாட்டி, மைக்ராஸ்கோப்பில் குனியச் சொல்லிப் படமெடுத்தார்கள். அதில் பல்பே இல்லை. நுண்ணுயிர் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தாள். உள்ளே உதவியாளரின் சாப்பாட்டு டப்பா கதகதப்பாக இருந்தது.

2. இரண்டாவது கல்லூரியில் சுவரில் காரை உதிர்ந்திருந்தது. ஆய்வகத்தில் புளித்த வாடை. நான் ஒரு குடுவையைத் தொடப் போக, அங்கிருந்த மாணவி, "அங்கிள், கைய எடுங்க! ஈஸ்ட் வளருது" என்று அதட்டினாள். என் மகளுக்கு முகம் மலர்ந்தது. "அப்பா, இங்கதான் வேலை நடக்குது" என்றாள். அங்கேயே சேர்ந்தாள்.

3. அடுத்த வாரம் என் கடைக்கு நேர் எதிரே முதல் கல்லூரியின் பேனர் முளைத்தது. மைக்ராஸ்கோப்பும் என் மகளும், கீழே "எங்கள் மாணவியின் வியப்பு!" வியப்பு உண்மைதான், ஒன்றும் தெரியவில்லையே என்ற வியப்பு. கடையின் எல்லாக் கண்ணாடிகளிலும் அவளே. வந்தவர்களெல்லாம் வாழ்த்த, முதல் நாள் நானும் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன்.

4. மறுநாள் இஸ்திரிக் கடைத் தங்கச்சி, "உங்க பொண்ணே சேர்ந்துட்டாளே அண்ணே, நாளைக்கு என் பொண்ணுக்கும் அங்கயே பணம் கட்டிடறேன்" என்றாள். என் கையிலிருந்து கத்தரி நழுவியது. நாற்காலியில் இருந்தவரின் ஒருபக்க மீசை போனது தனிக் கதை. கல்லூரி மேலாளரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "பேரா போட்டோம்? முகம்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்.

5. என் மகள் அட்ஜஸ்ட் செய்துகொள்ளவில்லை. இஸ்திரிக் கடைத் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு மறுநாள் அக்கல்லூரிக்கே போனாள். பணம் கட்டும் வரிசையில் நின்ற பெற்றோர், "அட, பேனர் பொண்ணு!" என்று சூழ்ந்துகொண்டனர். "ஆமா, நான்தான். ஆனா இங்க படிக்கல. வாங்க, லேபைக் காட்டுறேன்" என்று மொத்தக் கூட்டத்தையும் உள்ளே கூட்டிப்போனாள். இல்லாத பல்பை எல்லோரும் முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். இன்குபேட்டர் பக்கம் திரும்பியதும் உதவியாளர் ஓடிவந்து தன் டப்பாவை மீட்டார். வரிசை கலைந்தது. இன்று காலை இஸ்திரிக் கடைக்காரியின் மகளும் என் மகளும் ஒரே பேருந்தில் ஒரே கல்லூரிக்கு, அந்தக் காரை உதிர்ந்த கல்லூரிக்கு, போனார்கள். ஏறும் முன் என் மகள் பேனருக்குக் கையசைத்தது கூடுதல் தகவல்.

6. ஆனால் பேனர் இன்னும் நிற்கிறது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல என் மகள் தினமும் வகுப்புக்கு மட்டம் போட முடியாது. எனவே பேனரை அகற்றவும், ஆய்வகம் சரியாகும்வரை அங்கே சேர்க்கையை நிறுத்தவும் பணிவுடன் வேண்டுகிறேன். ஆய்வுக்கு மதியத்துக்கு முன் சென்றால் சாப்பாட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். மைக்ராஸ்கோப்பில் தாங்களே குனிந்தும் பார்க்கலாம். படமெடுக்க மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. அடுத்த பேனரில் தங்கள் முகம்தான்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து, கத்தரியும் கையுமாக,

(ஒப்பம்)
பேனர் பெண்ணின் அப்பா

இடம்: பேனருக்கு எதிரே
நாள்: திங்கட்கிழமை, மகளுக்கு முதல் வகுப்பு