மூடிய அணிக்கு ஒரு பானைச் சோறு

இன்று காலை காரின் டிக்கியைத் திறந்தேன். சோற்றுப் பானை சரியாமல் இருக்க ஏதாவது முண்டு கொடுக்க வேண்டியிருந்தது. உதிரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த பழைய போர்வையை இழுத்தபோது அதற்குள்ளிருந்து உன் கையுறை விழுந்தது. பேஸ்போல் பந்து பிடிக்கிற அந்தத் தடித்த தோல் கையுறை. முகர்ந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. தோல் மணமும் தேங்காய் எண்ணெய் மணமும் சேர்ந்து தானாக வந்து மூக்கில் ஏறின.

உடனே அழுதிருப்பேன் என்று நினைப்பாய். இல்லை. கையுறையைப் பானைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செருகினேன், அளவாக இருந்தது, டிக்கியைச் சாத்தினேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தேன். யாருக்கு அக்கா இந்தச் சோறு என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

ஹேர்னிங்கில் மெத்தை உறை தைக்கிற தொழிற்சாலையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்த காலத்தில்தான் இந்தப் பந்து விவகாரம் தொடங்கியது. உன் மகன் அபிஷனுக்கு அப்போது பதினொரு வயது. மற்றப் பிள்ளைகள் உதைபந்தும் ஹாண்ட்போலும் விளையாட, இவன் மட்டும் எங்கேயோ பார்த்த பேஸ்போலைப் பிடித்துக்கொண்டான். டென்மார்க்கில் பேஸ்போல் விளையாடுகிற எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று உன்னைப் பகிடி பண்ணுவேன். "இடம் மிச்சமிருந்தா நீங்களும் ஏறுங்கோ அக்கா" என்பாய். உனக்கும் வாய் குறைவில்லை.

அவன் பந்து எறிகிறவன். கிளப்பில் கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி, அது அவனுக்குப் போதவில்லை. எறிகிறவனுக்கு எதிரில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உன் மனுஷனுக்குப் பின்னேர வேலை. ஆகவே நீ குந்தினாய். உங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த கார் தரிப்பிடத்தில், குளிர் ஜாக்கெட்டும் தொப்பியுமாக, கையுறைக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு நீ குந்தியிருக்க, அவன் எறிவான். மேல்மாடிக் கிழவர் தன் காரைக் கொண்டுபோய் வீதி மூலையில் விடுவார். நான் ஒருநாள் கறிவேப்பிலை வாங்க வந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தையே மறந்து திரும்பிப் போனேன்.

அடுத்த நாள் மெஷினில் உன் இடது கை வீங்கியிருக்கும். துணியைப் பிடிக்க முடியாது. உன் உறைகளில் பாதியை நான் இழுத்துத் தைப்பேன்.

"விசரடி உனக்கு. ஒரு பந்துக்காகக் கையை முறிக்கப் போறியோ?"

"அவன்ர கை சரியா வருதக்கா. எனக்கு இந்தக் கையில தெரியுது."

கையுறைத் தோலுக்குப் பூச கடையில் ஒரு எண்ணெய் இருக்கிறது என்று அவனுடைய டெனிஷ் பயிற்றுநர் சொன்னார். நீ தேங்காய் எண்ணெய் பூசினாய். தலைக்கு வைக்கிறது தோலுக்கு ஆகாதோ என்று அவரிடமே கேட்டாயாம். மாரியில் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிடும். ரேடியேட்டரின் மேல் வைத்து இளக்குவாய். உன் வீட்டுக்குள் வந்தாலே தலை முழுகின வீடு மாதிரி மணக்கும்.

எனக்கும் இந்த விளையாட்டைப் படிப்பிக்கப் பார்த்தாய். ஒரு சொல் ஏறவில்லை. கடைசியில் கைவிட்டுவிட்டு, "அடிக்கிறவனுக்கு மூண்டு தரம் குடுப்பாங்கள், மூண்டிலயும் பிழைச்சா வெளியில. அவ்வளவுதான் அக்கா" என்றாய். அதுதான் இன்றுவரை எனக்குத் தெரிந்த பேஸ்போல்.

பிறகு எங்கள் தொழிற்சாலையை மூடினார்கள். தைக்கிற வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. பத்தொன்பது வருடம் இருந்த கதிரையை விட்டு எழும்பி வீட்டுக்கு வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்தேன். பின்னேரம் நீ வந்தாய், கையில் பெரிய பை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு கீரை. உன் வேலையும்தானே அன்றைக்குப் போனது? அதை நான் யோசிக்கவே இல்லை. "ஒரு முட்டையாவது பொரிச்சிருக்கலாமே" என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். நீ சிரித்தாய். ஏன் மரக்கறி மட்டும், ஏன் அன்றைக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். அதை எத்தனை வீட்டுக்குச் செய்திருக்கிறேன். என் வீட்டுக்கு அது வந்தபோது எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் இருவரும் படித்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என் காரில்தான் போவோம், வருவோம். அபிஷன் வளர்ந்து, அமெரிக்காவில் ஒரு சிறிய பல்கலைக்கழகம் அவனைத் தங்கள் அணிக்கு எடுத்தது. எங்கள் ஆட்கள் விடுவார்களா? "இஞ்ச ஓகூஸில படிக்க இடமில்லையோ? பந்து எறியவோ அமெரிக்கா?" என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். உனக்காக நான் சண்டை பிடித்தேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மனதுக்குள் நானும் அதையேதான் கேட்டேன். முதல் வருட விடுமுறைக்கு அவன் வந்தபோது, வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போக வசதியென்று இந்தக் கையுறையை என் காரில் வைத்தாய். இருபது வயது ஆம்பிளையின் பந்தை ஐம்பத்தைந்து வயதில் குந்திப் பிடித்தாய்.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு கழிந்து சில நாளில் அவனுடைய பல்கலைக்கழகம் பேஸ்போல் அணியைக் கலைப்பதாக அறிவித்தது. பையன்களை ஒரு வீடியோக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, இந்தப் பருவத்தோடு சரி, இனி அணி இல்லை, படிப்பை முடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டார்களாம். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. நீ வேலைக்கு வரவில்லை. வேலை முடிந்து பார்க்க வந்தேன்.

சமையலறை மேசையில் இருந்தாய். முன்னால் இரண்டு மூன்று தாள். இணையத்தில் எடுத்த பட்டியல், பேஸ்போலை மூடிவிட்ட பல்கலைக்கழகங்களின் பெயர்கள், பக்கத்தில் மூடிய வருடம்.

"பாருங்கோ அக்கா, இவ்வளவு இடத்தில மூடியிருக்கினம். ஒவ்வொண்டிலயும் எத்தினை பெடியள் இருந்திருப்பாங்கள். எங்கடை இன்னும் இதில இல்லை. இனித்தான் சேர்ப்பாங்கள்."

எனக்குப் பசி. காலையிலிருந்து எட்டுப் பேரைக் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தேன். "பந்துதானேடி போச்சு, படிப்பு இருக்குதானே? நல்லதாப் போச்சு, இனியாவது படிப்பான்" என்றேன். நீ தாளை மடித்தாய். "சாப்பிட ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு அடுப்பு மூட்டேல்லை அக்கா."

நான் சிரித்தேன். "ஏனடி, செத்தவீடோ இது?"

நீ எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தந்தாய். நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை வேலை நேரத்தை மாற்றிக் கேட்டாய் என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொன்னார். இனி பஸ்ஸில் வருவாயாம். கோயிலில் கண்டால் "சுகமே அக்கா?" என்பாய், பக்கத்தில் இருக்கமாட்டாய். கோபத்தைக்கூட நீ காட்டவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். அடிக்கிறவனுக்கு மூன்று தரம் கொடுப்பார்கள் என்று சொன்னவள், எனக்கு ஒன்றோடு நிறுத்தினாய். இன்னொன்று தா என்று நானும் கேட்கவில்லை. அவளாக வரட்டும் என்று இருந்தேன். அந்த வறட்டுக் கௌரவம் ஒன்பது மாதம் நின்றது. தை மாதத்தில், பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே உனக்கு இதயம் நின்றது. அந்த வழியால் என் கார் தினமும் போகும். அன்றைக்கு எனக்கு விடுமுறை.

செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் முறை போட்டார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு. சோறு, பருப்பு, கத்தரிக்காய். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன், அதுதான் நினைவிருக்கிறது. அபிஷன் கதவைத் திறந்து வாங்கினான், நான் வாசலோடு திரும்பினேன். பெட்டிக்குள் உன் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். எல்லோரும் அழ, நான் வெளியில் காரை யாருடைய வழியிலாவது விட்டுவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் இடது கையை மட்டும் தொட்டேன். அது வீங்கியிருக்கவில்லை.

அபிஷன் திரும்பிப் போனான். முதல் இடம் மூடியபின் வேறொரு பல்கலைக்கழக அணிக்கு மாறியிருந்தான், உனக்குத் தெரியும். அவன் அங்கே எறிந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் நீ இருக்கவில்லை. இனி நீ அறியாத சேதி. அதையும் மூடிவிட்டார்கள். அவனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. போன சனிக்கிழமை பெட்டிகளோடு வந்து இறங்கிவிட்டானாம்.

எனக்கு இது தமிழ்ப் பள்ளிக்கூட ஒன்றுகூடலில், வடை வரிசையில் நிற்கும்போதுதான் தெரியவந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி, அவளை நீ அறிவாய், எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி போடுகிறவள், சொன்னாள்: "அங்கயும் மூடிட்டாங்களாம். நல்லதாப் போச்சு, இனி ஒழுங்கா ஒரு வேலையைப் பாப்பான்." எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த "நல்லதாப் போச்சு" என் சொல், அட்சரம் பிசகாமல். இன்னொருத்தி வாயில் கேட்டபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. வரிசையை விட்டு வெளியே வந்தேன். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வெட்கம் மட்டும் இருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு உள்ளே அசைந்த முதல் பொருள் அது.

மறுநாள் வேலையில் மதிய இடைவேளையின்போது அந்தப் பட்டியலை என் ஃபோனில் தேடிப் பிடித்தேன். அவனுடைய முதல் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டார்கள். ஒரு வரி. பெயர், வருடம். அதற்கு மேலேயும் கீழேயும் நான் கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு கார் தரிப்பிடத்தில் ஒரு தாயோ தகப்பனோ குந்தியிருப்பார்கள். எத்தனை பெடியள் என்று நீ அன்றைக்குக் கேட்டாயே, அது இதுதான். இரண்டாவது இடத்தின் பெயர் இன்னும் ஏறவில்லை. இனித்தான் சேர்ப்பார்கள்.

ஆகவே இன்று சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, கீரை. முட்டை இல்லை.

உன் வீட்டுக் கதவை அபிஷன்தான் திறந்தான். உன்னைப் போலவே நெற்றி. டெனிஷில் வணக்கம் சொன்னான், பிறகு பானையைக் கண்டு தமிழுக்கு மாறி "வாங்கோ பெரியம்மா" என்றான். பானையையும் கறிகளையும் நான் உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தேன், நீ தாள்களோடு இருந்த அதே மேசை. அடுப்பு சுத்தமாக இருந்தது. உன் மனுஷன் வேலைக்குப் போயிருந்தார்.

"உன்ர அணிக்கு இப்பிடி நடந்தது எனக்குக் கவலை தம்பி" என்றேன். அவ்வளவையும் வழியில் நான்கு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவன் மூடிகளைத் திறந்தான். பருப்பைப் பார்த்தான், கத்தரிக்காயைப் பார்த்தான். தமிழில் சொற்களைத் தேடித் தேடித்தான் அவன் கதைப்பான்.

"முதல்தரம் மூடினபோது அம்மாவோட போனில கதைச்சனான். சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டன். இல்லை, பெரியம்மா வேலை முடிஞ்சு சோறு கொண்டு வருவா, அதுதான் சமைக்கேல்லை எண்டு சொன்னவ."

நான் கதிரையை இழுத்து அதில் இருந்தேன்.

அவன் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுத்து வந்தான். ஒன்றில் எனக்கும் போட்டான். அவன் சாப்பிட்டான், நல்ல பசி. எனக்கு இறங்கவில்லை. இருந்தாலும் சாப்பிட்டேன், செத்தவீட்டில் கூட இருந்து சாப்பிடத்தான் வேண்டும். அவன் இரண்டாம் தரம் போடும்போது என் கோப்பைக்குள் தண்ணீர் விழுவதைப் பார்த்தேன். என்னுடையதுதான். அவனும் கண்டான், குழம்பை என் பக்கம் தள்ளினான்.

போகும்போது டிக்கியைத் திறந்து கையுறையைக் கொடுத்தேன். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தான். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தான்.

"நான் தோளைச் சும்மா விட ஏலாது. இஞ்சத்தைக் கிளப்பில விளையாட இடம் கேட்டிருக்கிறன். பிடிக்க ஆள் வேணும், பெரியம்மா."

எனக்கு அறுபது வயது, முழங்கால் இரண்டும் சரியில்லை என்று சொன்னேன். தெரியும் என்றான். நாளை பின்னேரம் வேலை முடிந்து உங்கள் வீட்டுக் கார் தரிப்பிடத்துக்குப் போகிறேன். குந்த முடியாது, கதிரை ஒன்று கொண்டுபோவேன். கைக்குட்டையை எப்படி மடித்து உள்ளே வைப்பாய் என்று உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேனடி.