கேட்டில் தொங்கிய மஞ்சள் துணி

அஹிஹிக்
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கோரினுக்கு அப்பா எழுதுவது. சஸ்கட்டூன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுதினேன், எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான், புதுத் தாள் எடுக்கப் பொறுமை இல்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள், அவளை எதிரில் வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்னத்தைச் சொல்ல? இங்கத்திய தபாலை நம்பினால் இது உனக்குக் கோடையில்தான் கிடைக்கும். நல்லவேளை, எதிர்வீட்டு டெல்மாவின் மருமகள் நாளைக்கு உங்கள் பக்கம் கால்கரிக்குத் திரும்புகிறாள், அங்கே போனதும் தபாலில் போடுகிறேன் என்றாள்.

போன வாரம் நீ ஒரு பத்திரிகைச் செய்தி அனுப்பியிருந்தாயே, இந்த ஏரிக்கரையில் எங்களைப் போலக் குளிர் நாட்டிலிருந்து ஓய்வு பெற்று வந்து குடியிருப்பவர்கள் எத்தனை ஆயிரம் என்று, கூடவே "உங்களைச் சுத்தி உங்க ஆளுங்களே இத்தனை பேர் இருக்காங்களே அப்பா, அப்புறம் என்ன கவலை" என்றும் எழுதியிருந்தாய். தாயே, நாங்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியாது. எங்கள் ஆட்களின் சங்கத்தில் காபி குடிக்க உட்கார்ந்தால் ஒருத்தர் பத்தாயிரம் என்பார், இன்னொருத்தர் இருபதாயிரம் என்பார், பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்களைச் சேர்ப்பதா கூடாதா என்று மேஜையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். எத்தனை ஆயிரமாகத்தான் இருக்கட்டுமே, தலையை எண்ணியவன் நரையைப் பார்த்தானா என்று கேள். நாங்கள் வந்த புதிதில் இந்தச் சந்தில் எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது, மலைப்பாதையில் ஏறுவோம், ராத்திரி ஆட்டம் பாட்டம் என்று அக்கம்பக்கத்தைத் தூங்க விடமாட்டோம். இப்போது எங்கள் சந்திலேயே வயதில் இளையவன் ரஸ்ஸல், எழுபத்து நாலு, அவனைச் சின்னப் பையன் என்றுதான் கூப்பிடுகிறோம், பல்பு மாற்ற அவனைத்தான் ஏணியில் ஏற்றுகிறோம், அவன் நெஞ்சுக்குள் இதயத்தை ஓட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்களும் கைத்தடியோடுதான் வண்டியிலிருந்து இறங்குகிறார்கள். எண்பதைத் தொண்ணூறு தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் எங்கள் கூட்டம். நீ ஆளைப் பார்த்துத் தைரியமாக இருக்காதே.

மஞ்சள் துணி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வந்திருந்தபோது கேலி செய்தாய். ராத்திரி படுக்கப் போகும்முன் அவரவர் கேட்டில் கட்ட வேண்டும், காலையில் எழுந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும், மாதாகோயிலில் பூசை மணி அடித்த பிறகும் ஒரு வீட்டில் துணி தொங்கினால் அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கடைசி வீட்டு மனிதர் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் போனதே, அதற்குப் பிறகு அம்மாதான் இதை ஆரம்பித்து வைத்தாள், நம் பழைய திரைச்சீலையைக் கிழித்து ஓரம் தைத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தவளும் அவளே.

மூன்று வாரம் இருக்கும், ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனவன் கண் இருட்டிக் கூடத்திலேயே சரிந்துவிட்டேன். நினைவு வந்தபோது கால் எனக்கடியில் மடங்கிக் கிடக்கிறது, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, குரல் எழும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் பயப்படவில்லை. துணி வெளியே தொங்குகிறது, மணி அடித்ததும் டெல்மா கத்திக்கொண்டு ஓடி வருவாள், எத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள், பார்த்துக்கொள்வாள் என்று கிடந்தேன். அப்போது அம்மா எழுந்து வந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள், என்னைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள், துணியை அவிழ்த்து அழகாக மடித்து உள்ளே கொண்டுவந்தாள். அடுப்புப் பற்றவைப்பது மறந்துவிட்டது அவளுக்கு, சில நாள் என்னைத் தன் அண்ணன் என்கிறாள், சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகலாம் என்று அழுகிறாள், அந்தத் துணியை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை. மடித்த துணியை என் தலைக்கு அடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ பாவம், யாருங்க நீங்க? உங்க வீட்ல உங்களைத் தேட மாட்டாங்களா?" என்று கேட்டாள். கோரின், ஐம்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்கிறாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது, தெருவில் டெல்மா யாரிடமோ சிரித்துக்கொண்டே, "லோர்ன் வீட்டுத் துணி உள்ள போயிடுச்சு, கெழவன் இன்னைக்கும் தப்பிச்சுட்டான்" என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மத்தியானச் சமையலுக்கு வருகிற எடுவிஹெஸ் வந்துதான் என்னைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் சந்தே திரண்டுவிட்டது, என்ன பிரயோஜனம், ஒருத்திக்கு இடுப்பில் ஆபரேஷன், ஒருத்தருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய், சின்னப் பையன் ரஸ்ஸல் குனிந்தான், அவனாலேயே நிமிர முடியவில்லை. "கையை வைக்காதீங்க, ஒருத்தரைத் தூக்கப் போயி நாலு பேரைத் தூக்கணும்" என்று எடுவிஹெஸ் அவர்களை விரட்டிவிட்டு, தெருவில் தண்ணீர் கேன் போட வந்த ஆளைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக என்னைத் தூக்கினார்கள். உன் ஆயிரக்கணக்கான ஆட்கள் அத்தனை பேரும் நின்று வேடிக்கைதான் பார்த்தார்கள், பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

பக்கத்து நகரம் குவாடலஹாராவில் பெரிய டாக்டரிடம் காட்டியதில் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லையாம், மழைக்காலம் வருவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை விழுந்தால் எழுந்திருப்பேனா என்று சொல்ல முடியாது என்றார். செய்தாலும் இந்த வயதில் உத்தரவாதம் இல்லை. "கூட யார் இருப்பாங்க?" என்று கேட்டார், நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் சம்மதம் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் மருத்துவமனையில் கிடந்தால் அவளை யார் பார்ப்பது? எடுவிஹெஸ் தங்கம், ஆனால் அவள் புருஷன் படுக்கையில் இருக்கிறான், இருட்டினால் வீட்டுக்கு ஓட வேண்டும். இங்கே முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம், அங்கே அம்மா மாதிரி ஒரு பெண்ணை இடுப்பில் துணி சுற்றி நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. டெல்மா ஒரு பக்கம் திட்டுகிறாள், "அந்தத் துணியை உன் பொண்டாட்டி வெர்னா கையில இருந்து புடுங்குய்யா, இல்லேன்னா நாங்க எதை நம்பி உன்னைப் பாக்க வர்றது?" என்கிறாள். அம்மா கைக்கு எட்டாத உயரத்தில் கட்டிப் பார்த்தேன். காலையில் கேட்டருகே நின்று எம்பி எம்பிப் பார்த்து, "எல்லாரும் நாம செத்துட்டோம்னு நினைப்பாங்களே" என்று தேம்பித் தேம்பி அழுதாள். திரும்பக் கீழேயே கட்டிவிட்டேன். அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு வேலைதான், அதையும் நான் பிடுங்கவா?

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ போனில், "நீங்கதானே வெயில் வேணும்னு எங்களை விட்டுட்டுப் போனீங்க" என்றாய். சொல், இன்னும் நிறையச் சொல், ஆனால் வந்து எதிரில் நின்று சொல். தானியக் கிடங்கில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கியவன், யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை, எப்படிக் கெஞ்சுவது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு. என்னை நீ பார்த்துக்கொள்ள வேண்டாம். அம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் உன் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்த டாக்டரிடம் நான் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வேன், எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி. ஞாயிறுதோறும் நீ கேட்கும்போது நல்லா இருக்கோம் நல்லா இருக்கோம் என்று நானும்தான் அவளைப் போலவே துணியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியவில்லை, பயமாக இருக்கிறது மகளே.

மாப்பிள்ளையிடம் கூரையில் பனி சேர விடவேண்டாம் என்று சொல், ஏணியில் நீ ஏறாதே. ராத்திரியில் கார் எஞ்சினைச் சூடாக வைக்கிற வயரைச் செருக மறந்துவிடாதே, போன வருஷம் மாதிரி வேலைக்குப் போகும்போது தவிக்காதே. அம்மாவுக்கு உன் பழைய நீலக் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்து வை, அவளுடையதெல்லாம் இங்கே வந்ததும் தானம் கொடுத்துவிட்டோம். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்போது அம்மா வந்து யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். கோரினுக்கு என்றேன். இன்றைக்குப் பெயர் தெரிந்துவிட்டது, ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறாயாம். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரலையா அவ? இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
லோர்ன்