துவக்கு அடிச்சுப்போட்டுது

பார்க்டேல், ரொறன்ரோ
22.9.1996

அன்புள்ள மச்சான் கிருபனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீர் சுகமா என்று கேட்கமாட்டேன். புருவத்தில் தையலோடு இருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது?

வியாழக்கிழமை இங்கே நடந்த கூத்து உமக்கு முழுதாகத் தெரியாது. கடை வாசலில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றேன். ரிம்மின்ஸிலிருந்து தங்கச்சி யோகமலரின் போன். "அண்ணை, அவருக்குத் துவக்கு அடிச்சுப்போட்டுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறம்" என்றாள், வைத்துவிட்டாள். துவக்கு அடித்தது என்றால், யாரோ சுட்டுவிட்டார்கள் என்பதைத் தவிர எங்கள் சனத்துக்கு வேறென்ன விளங்கும்? மீனை நடைபாதையில் விட்டுவிட்டுக் கடை வானை எடுத்தேன். பாதி வழி, நோர்த் பே வரை ஓடி, பெற்றோல் நிலையத்திலிருந்து போன் எடுத்தால், நீரே எடுத்துச் சிரிக்கிறீர். "ஒண்டுமில்லை மச்சான், குறி பழகேக்க துவக்கு பின்னுக்கு உதைச்சு, மேலே பூட்டின தூரக்கண்ணாடி புருவத்தில பட்டிட்டுது" என்கிறீர். ஏச வாய் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நீர் துவக்கு வாங்கினது பிளேனுக்குப் பெட்டி வாங்குகிற மாதிரி. பெட்டி லேசாகவும் இருக்கவேண்டும், சாமானும் கூடப் பிடிக்கவேண்டும்! முந்நூற்று முப்பத்தெட்டு மக்னம் ரவை, துவக்கின் பாரம் வெறும் ஆறரை இறாத்தல் என்று பெருமையடித்தீர். காட்டில் தூக்கி நடக்கச் சுகம்தான். ஆனால் அவ்வளவு பெரிய ரவையின் உதையை வாங்கத் துவக்கில் பாரம் இல்லாவிட்டால், மிச்சத்தை உம்முடைய தோள்தான் வாங்கவேண்டும். விற்றவன் இதைச் சொல்லமாட்டான். நானும் கடைக்காரன், எனக்குத் தெரியும்.

எனக்கு இறைச்சி தருகிற வெள்ளைக்காரரோடு வருடாவருடம் மூஸ் வேட்டைக்குப் போகிறவன் நான். என்னுடையது தேர்ட்டி ஓட் சிக்ஸ், ரவை சின்னது, பாரம் ஒன்பது இறாத்தல். சுமக்கும்போது திட்டுவேன், சுடும்போது கும்பிடுவேன். எருமையளவு மூஸ் அதற்கே விழுகிறது. உதை குறையட்டும் என்று மான் சுடுகிற லேசான குண்டு வாங்கப்போகிறீராம். செய்யாதேயும். அது மூஸின் தோள் எலும்பில் பட்டவுடன் சிதறும். இறைச்சியும் பழுது, மிருகமும் காயத்தோடு ஓடிச் சாகும். என்னுடையதற்கு நான் போடுகிற நூற்றெண்பது கிரெயின் நிறையுள்ள, செப்பு உறை தடித்த குண்டு போதும்.

எனக்குப் பெரிய பயம் வேறு. ஒருமுறை அடி வாங்கினவர் அடுத்தமுறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவார். துவக்கு அப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவருக்கே தெரியாது. உம்மோடு வேட்டைக்கு வருகிற சுரங்கத்து வேலையாட்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அந்தக் குரலில் யோகமலர் எனக்குச் செய்தி சொன்னது இது இரண்டாந்தரம். முதல்தரம் ஊரிலிருந்து சொன்னது எங்கள் தம்பி சூடுபட்ட செய்தி. அப்போது எடுத்துக்கொண்டு ஓட எனக்கு வானும் இல்லை, வழியும் இல்லை. அவள் இதையெல்லாம் உம்மிடம் சொல்லியிருக்கமாட்டாள். வேட்டைக்குப் போகவேண்டாம் என்றும் சொல்லமாட்டாள்.

சனிக்கிழமை என்னுடைய துவக்கோடு வருகிறேன். இந்த வருடம் நான் வேட்டைக்குப் போகவில்லை, அதை நீர் கொண்டுபோம். உம்முடையதை இருவருமாய்ப் போய்க் கடையில் திருப்பிக் கொடுப்போம். பேச்சை என்னிடம் விட்டுவிடும்.

மூஸ் விழாவிட்டாலும் குறையில்லை. முருகன் உம்மைக் காக்க. காட்டால் திரும்பியவுடன் எனக்குப் போன் எடும். நீரே எடும், மச்சான். அவளை எடுக்க விடாதேயும்.

இப்படிக்கு,
உம்மோடு கோபமாயிருக்கிற மச்சான்
நவரட்ணம்