பூவத்து அண்ணன் வீட்டுச் சோறு

4.2.2025, செவ்வாய்

செவலை பாலைக் குறைத்துவிட்டது. கன்று குடித்தது போக ஒரு செம்பு தேறவில்லை. அறுப்பு மிஷின் நாளைக்கு வரும் என்கிறார்கள். போன வாரமும் நாளைக்குத்தான் என்றார்கள்.

சாயங்காலம் பேத்தி இளவேனில் காலேஜிலிருந்து வந்து, தான் எழுதுகிற கதையை வாசித்துக் காட்டினாள். ஒருத்தன் காலத்தில் பின்னால் போய், நடந்த ஒன்றை நடக்காமல் பண்ணிவிடுகிறான். திரும்பி வந்து பார்த்தால் ஊர் வேறாக இருக்கிறது.

"அப்ப பழைய ஊரு எங்கடி போச்சு?"

"அது தனியா ஒரு பக்கம் ஓடிட்டிருக்கும் அப்பாயி. இல்லன்னா இல்லாமலே போயிருக்கும். நான் இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ணாமலா எழுத உக்காந்த?"

"எது மாறுனதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போனவனுக்கு மட்டும் ரெண்டும் ஞாபகம் இருக்கும். அதான் கதை."

பாவம் அவன் என்றேன். சிரிக்கிறாள். "உங்களுக்கென்ன, அந்த உலகத்துலயும் எந்தக் கல்யாணத்துல யாரு உங்களுக்கு நொறுங்குன அப்பளம் வச்சான்னு சொல்லிருவீங்க."

சொல்லுவேன். குத்தாலத்தாள் மருமகள். வேண்டும் என்றுதான் வைத்தாள்.

8.2, சனி

திருநள்ளாறு போனேன். கும்பிட்டு வெளியே வந்தால் தலை சுற்றல். வாசலில் தொன்னையில் புளிசாதம் கொடுத்தார்கள், வாங்கிப் பாதி தின்ற பிறகு பார்க்கிறேன், அண்டாவுக்குப் பின்னால் அடுத்த வீட்டு சந்திரலேகா.

"நம்ம உபயந்தான்க்கா. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?"

தொண்டையில் நின்றுவிட்டது. நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, என் கொல்லை வேம்பின் வேர் அவள் சுவரைப் பிளக்கிறது என்று ஆள் விட்டு வெட்டினவள். அன்றிலிருந்து அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட்டதில்லை. எங்கள் பக்கம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. பகையாளி வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து கை நனைத்துவிடுவார்கள். சாப்பிட்டால் தீர்ந்தது. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

கோவில் சோறு. துப்பவும் முடியாது. முழுங்கினேன்.

9.2, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பால் கறக்கச் செம்போடு கொல்லைக் கதவைத் திறந்தேன். வேப்பமரம் நிற்கிறது. வெட்டின மரம். முன்னைவிடப் பருத்து, சந்திரலேகா சுவருக்கு மேல் கவிந்து நிற்கிறது. மரம் போன இடத்தில்தான் கொட்டகை போட்டிருந்தேன். கொட்டகை இல்லை. செவலை இல்லை. கன்று இல்லை. சாணி வாசனைகூட இல்லை.

இளவேனிலைக் கூப்பிட்டேன். "நம்ம எப்ப அப்பாயி மாடு வச்சிருந்தோம்?" என்கிறாள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள்.

நேற்றுக் கறந்த வலி என் விரலில் இருக்கிறது.

12.2

மரத்தில் காக்காய்க் கூடு. பழைய கூடு. இந்த மரத்துக்கு ஏது பழசு?

20.2, வியாழன்

சந்திரலேகாவிடம் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். "மரத்தை வெட்டணும்னு ஒரு தடவ நெனச்சேன்க்கா, மனசு வரல" என்கிறாள். பொய் சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை.

சாப்பிட்டேன். பகை தீர்ந்தது. அதோடு பகைக்குக் காரணமும் நடக்காமல் போய்விட்டது. நடக்காததற்குப் பின்னால் நடந்ததும் போய்விட்டது. அவ்வளவுதானே? செவலை போய்விட்டாள்.

இதை எழுதும்போது வேறொரு பகை நெஞ்சில் வந்து உட்காருகிறது. வேண்டாம். முதலில் சின்னதாக ஒன்று பார்ப்போம்.

7.3, வெள்ளி

கடைக்கார சஃபியுல்லா வீட்டுக்கு நானாகவே போனேன். கஜா புயலுக்குப் படுதா கொடுத்தபோது வரிசையில் அத்தனை பேர் முன்னால் "உங்களுக்குக் குடுத்தாச்சு, மறுபடி வந்து நிக்கிறீங்களே" என்றவன். வாங்கவே இல்லை நான். அன்றைக்கு அழுதுகொண்டே திரும்பின என்னைக் கூப்பிட்டுத் தன் படுதாவைப் பாதி அறுத்துத் தந்தவள்தான் ஆஸியா பீவி. அப்படித்தான் எங்கள் சிநேகிதம்.

நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் கேட்டேன். சஃபியுல்லாவுக்கே ஆச்சரியம். "உக்காருங்கம்மா, வடையும் வச்சுத் தர்றேன்." குடித்தேன். நல்ல கஞ்சி. சொல்லத்தான் வேண்டும்.

8.3, சனி

மார்க்கெட்டில் ஆஸியா பீவி. "என்ன பீவி, கண்டும் காணாம போற?" என்று முந்தானையைப் பிடித்தேன்.

"யாரும்மா நீங்க? ஆள் மாறிப் பேசுறீங்க" என்று மெதுவாக விடுவித்துக்கொண்டு போனாள். கோபமில்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை.

அவள் முழங்கால் வலிக்கு நான் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய், அவள் மகன் நிக்காஹ் பந்தலில் நான் அழுதது, எல்லாம் என்னிடம் மட்டும் கிடக்கிறது.

இளவேனில் கதையில் அவன் கடைசியில் என்ன ஆகிறான் என்று கேட்டேன். "தனியா ஆயிருவான் அப்பாயி" என்றாள்.

9.3

இனிமேல் யார் வீட்டிலும் ஒரு பருக்கை கிடையாது.

18.4, வெள்ளி

பூவத்திலிருந்து மதியழகன் வந்தான். அண்ணன் மகன். அவன் இந்த வாசலை மிதித்தே எவ்வளவு காலம்.

"அத்தை, அப்பா இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்காரு. வேற ஒண்ணும் கேக்கல. வடிவு வந்து எங்கூட ஒரு வாய் சாப்பிட்டாப் போதுங்குறாரு. தமிழரசியும் பிரான்சுலேருந்து வந்திருக்கு."

அண்ணன் அம்பலவாணன். தமிழரசியை என் மகன் சிவராமனுக்குத்தான் என்று அவள் சடங்கன்றைக்கே சபையில் சொன்னவர். பரிசம் போட நான் தட்டு வரிசையோடு பூவத்தில் போய் இறங்கினால், பெண்ணை பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளைக்குப் பேசி முடித்தாயிற்று என்று தெருவில் நிற்கவைத்துச் சொன்னார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. அந்தத் தட்டுகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். சிவராமன் வழியெல்லாம் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஊரில் தலைகாட்ட முடியாமல் மெட்ராஸ் போனான். அங்கே வேலை. அங்கே பிரதீபாவோடு கல்யாணம். அங்கிருந்து பொங்கலுக்கு மோட்டார் சைக்கிளில் வரும்போதுதான் கடலூர் ரோட்டில் லாரி.

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் என் பிள்ளை இங்கே நெரவியில் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். இருப்பான்.

ஒரு வாய் சோறு.

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

20.4, ஞாயிறு

காலையில் பூவத்துக்குக் கிளம்ப இளவேனிலுக்குத் தலை பின்னினேன். பாதிப் பின்னலில் கை நின்றுபோயிற்று.

சிவராமன் மெட்ராஸ் போகாவிட்டால் பிரதீபா ஏது? பிரதீபா இல்லாவிட்டால் இந்தத் தலை ஏது?

எப்படி எனக்கு இது முன்னாலேயே தோன்றாமல் போயிற்று? பிள்ளை ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மாட்டை நினைத்தேன், பீவியை நினைத்தேன். இடுப்பில் தூக்கிச் சுமந்த இவளை நினைக்கவில்லை.

"என்ன அப்பாயி, பேன் பாக்குறீங்களா?" என்றாள்.

நாம் போகவேண்டாம் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "சாகக் கிடக்குறவர்கிட்டயுமா? நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுக்கு இன்னுமா?" சரி, பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடலாம் என்று போனேன்.

அண்ணன் எலும்பாகக் கிடந்தார். "வந்துட்டியா வடிவு" என்றார். பேசினால் மூச்சு வாங்குகிறது. "அன்னிக்கு உன்ன உள்ள கூப்புட்டிருக்கணும்." அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே இலை போட்டார்கள். எனக்கொன்று, இளவேனிலுக்கொன்று. தமிழரசி பரிமாறினாள். அவளைப் பார்க்கவே கூடாது என்றிருந்தவள், பார்த்தேன். நரைத்துவிட்டது.

நான் பிசைந்தேன். ஏன் பிசைந்தேன்? கேட்காதே. குழம்பு விரலில் பட்டது. அவ்வளவுதான், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம் — அது அவன்தான், ஊரில் வேறு எவனும் அப்படிச் செரும மாட்டான். தமிழரசி ரசக் கிண்ணத்தோடு வாசலைத் திரும்பிப் பார்த்து, "அத்தான் வந்துட்டாங்க" என்றாள். சாதாரணமாக. தினம் சொல்கிற மாதிரி.

பக்கத்தில் பார்க்கிறேன். இலை இல்லை. இளவேனில் இல்லை. தரை துடைத்தமாதிரி கிடக்கிறது.

ஐயோ நான் என்ன பண்ணுவேன். எம்புள்ள செருப்பக் கழட்டுறான். நிலைப்படியில அவன் நெழலு விழுது. ஒரு நிமிஷம் இருந்திருந்தா மொகத்தப் பாத்திருப்பேன். ஒரே ஒரு நிமிஷம்.

கையை உதறினேன். இலையைக் கவிழ்த்தேன். சோறு அண்ணன் போர்வை மேலெல்லாம் தெறித்தது.

சத்தம் நின்றது. இளவேனில் தன் இலைக்கு முன்னால் அப்பளத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள்.

"இன்னுமா வடிவு?" என்றார் அண்ணன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. "இப்ப அத்தான்னு யாரடி சொன்ன?" என்று தமிழரசியைக் கேட்டேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலையே அத்தை" என்றாள்.

22.4, செவ்வாய்

அண்ணன் போய்விட்டார். வாய்க்கரிசி போடப் போனேன். மதியழகன் தெருமுனையிலேயே வந்து நின்றான். "வேண்டாம் அத்தை. அவரு கண்ணீரோட போனதே போதும்." திரும்பி வந்துவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதுவதற்கே விசித்திரமாக இருக்கிறது.

23.4

இளவேனிலை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மரம், மாடு, பீவி, மோட்டார் சைக்கிள். முழுவதும் கேட்டாள்.

"என் கதையையே என்கிட்ட சொல்லித் தப்பிக்கப் பாக்குறீங்களா?"

"இல்லடி, சத்தியமா—"

"உங்களுக்கு யாரையும் மன்னிக்கத் தெரியாது அப்பாயி. அதுக்கு ஒரு சயின்ஸ் வேற."

பையில் துணியை அடைத்தாள். வாசற்படி தாண்டி நின்று, "இனிமே இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். குரல் அப்படியே என் குரல்.

போகட்டும். இருக்கிறாள். எங்கேயாவது இருக்கிறாள்.

2.5, வெள்ளி

காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாளாம். பிரதீபா மெட்ராஸிலிருந்து போனில் சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

11.6, புதன்

சந்திரலேகா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் இளவேனிலைப் பார்த்தாளாம். "அப்பாயி நேரத்துக்கு சாப்புடுறாங்களான்னு கேட்டுச்சுக்கா. கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. நான் பேசி அழச்சிட்டு வரவா?"

எனக்கும் கலங்கிற்று. துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன்.

கொடியில் ஒரு ஆம்பிளைச் சட்டை. கட்டம் போட்டது. ஈரம் சொட்டுகிறது. இந்த வீட்டில் ஆம்பிளைச் சட்டை ஏது?

முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்புக்கு அடியில் அவன் வேர்வை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முகத்தை எடுத்தபோது கையில் என் பழைய புடவைதான் இருந்தது.

12.6

புரிந்துவிட்டது. தூங்கவில்லை.

என் வாய்க்கு உள்ளது அவள் வாய்க்கும்தான். என் ரத்தம். அவளுக்கு என்மேல் உள்ள பகை, பூவத்தில் நான் இலையைக் கவிழ்த்தது. அவள் இந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் அது தீர்ந்துவிடும். நான் கவிழ்க்காதவளாகிவிடுவேன். அந்தச் சோற்றைத் தின்றவளாகிவிடுவேன். அப்புறம்—

அவளுக்கு மனசு இளகினதுக்கே கொடியில் சட்டை வந்துவிட்டது.

சந்திரலேகாவிடம் சொல்லிவிட்டேன்: அந்தக் கழுதையை இந்தப் பக்கம் அழைத்துவராதே என்று.

10.7, வியாழன்

காரைக்காலில் மாங்கனி இறைப்பு. பிச்சாண்டவர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து பழத்தை வீசுவார்கள், பிடிக்கத் தள்ளுமுள்ளாக இருக்கும். நான் போகவில்லை. மத்தியானம் வாசல் கேட்டில் சத்தம்.

இளவேனில். தலையெல்லாம் கலைந்து, கையில் ஒரு மாம்பழம்.

"அப்பாயி, நானே புடிச்சேன். ஒரு ஆள் காலை நல்லா மிதிச்சுட்டான்." சிரிக்கப் பார்த்தாள். "பசிக்குது அப்பாயி. சோறு இருக்கா?"

மெலிந்திருந்தாள். உள்ளே அடுப்பில் சோறு வெந்த வாசனை அவளுக்கும் வந்திருக்கும். தெருக்கோடியில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்புகிற சத்தம் கேட்டது. மெதுவாக, வீட்டைத் தேடி வருகிற மாதிரி.

கேட்டைப் பூட்டினேன்.

"யாருக்கடி சோறு? உங்கம்மா என் புள்ளைய முழுங்குனவ. அவ மிச்சம் வச்சது நீ. உன்னப் பாக்குறப்பல்லாம் எனக்கு அவன் பொணந்தான் தெரியுது. போ."

அவள் முகம் போன போக்கை எழுத மாட்டேன். பழத்தை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நடந்தாள், தெருவில் அவள் நிழல் விழுந்தது, எதிரே வந்த சைக்கிள்காரன் அவளுக்காக ஒதுங்கினான். திருப்பம் வரைக்கும் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

பழத்தை அணில் கடித்துக்கொண்டிருக்கிறது. விரட்டவில்லை.

அவளுக்கு அவள் அப்பன் மனசு. எதையும் வெகுநாள் வைத்துக்கொள்ளத் தெரியாது. தீபாவளிக்கு மறுபடி வருவாள். அதற்குள் இதைவிட மோசமாக ஒன்று யோசித்து வைக்கவேண்டும்.