மார்கழியில் வாங்கிய வீடு

நவம்பர் 9, சனி

இட்லிக்கு ஊறப்போட்டேன். துணி மடித்தேன். ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தேன்.

போக்கனோஸ் மலையில், ஏரிக்குப் பக்கத்தில், ஒரு மரக் கேபின். நாங்கள் இருக்கிற பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். படுக்கையறை சின்னதுதான். ஆனால் சமையலறை ஜன்னல் முழுக்க மரங்கள். இந்த ஊர்த் தமிழர்களில் பனியைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதல் பனி விழுந்ததும் எல்லோரும் வாட்ஸப்பில் புலம்புவார்கள். நான் காபியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பேன்.

என் கணவரிடம் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏம் புள்ள, சறுக்கி உழறதுக்கு மலை மேல ஒரு ஊடா? கோயமுத்தூர்ல ஒரு சைட் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம்."

கோயமுத்தூரில் ஏற்கெனவே சைட் இருக்கிறது. ஈரோட்டில் வீடு இருக்கிறது. இரண்டையும் வாங்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. லீவில் ஊருக்குப் போனால் அந்த வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காபி போட்டே என் லீவு தீர்ந்துவிடுகிறது. நானே பார்த்து, நானே பிடித்து வாங்கியது என்று ஒன்று — ஒன்றே ஒன்று — வேண்டும். பேராசையா? இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 23

கேபினுக்கு விலை சொல்லி ஆஃபர் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள்!

டிசம்பர் 1, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து இவருடைய அக்கா ராஜலக்ஷ்மி வீடியோ காலில் வந்தார்.

"ஏஞ் சாந்தாமணி, இருவதாந்தேதி பத்திரம்னா மார்கழியல்லோ? மார்கழியில ஆராச்சும் ஊடு வாங்குவாங்களா? தையில வெச்சுக்கச் சொல்லு."

"விக்கறவங்க கிறிஸ்மஸுக்குள்ள முடிக்கோணும்ங்கறாங்க அண்ணி. தை வரைக்கும் இருக்க மாட்டாங்க."

"அப்ப வேற ஊடு பாரு."

வேறு வீடு பார்ப்பதாக இல்லை.

டிசம்பர் 20, வெள்ளி

கையெழுத்துப் போட்டாயிற்று. என் பெயரில் மட்டும். இவர் கூட வந்தார், ஆனால் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்குகிறவருக்கு எப்போது நேரமோ, அதுதான் எனக்கும் நல்ல நேரம். நேராகக் கேபினுக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். மார்கழி என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

புத்தாண்டு வாரம் முழுக்க அங்கேதான். நல்ல பனி. இவர் புலம்பிக்கொண்டே பனியை அள்ளினார், பிறகு கணப்புக்குப் பக்கத்தில் மதியமெல்லாம் குறட்டை விட்டார். நான் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. கிளம்பும்போது கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்ததும் அவர்தான். நாளை ஆபீஸ்.

ஜனவரி 22, புதன்

பக்கத்துக் கேபின்காரர் ஆபீஸுக்குப் போன் செய்தார். என் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து வாசலில் உறைந்து கிடக்கிறதாம். போய்ப் பார்த்தால் குழாய் உறைந்து வெடித்திருக்கிறது. சமையலறை சீலிங் தரையில் கிடக்கிறது. அடுப்பின் மேல் ஐஸ்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஐயோ, என்ற ஊடு. வாங்கி ஒரு மாசந்தானே ஆச்சு.

ஜனவரி 23

"அன்னிக்கே சொன்னேன், கேட்டயா?" — ராஜலக்ஷ்மி அண்ணி. கோயில் வாட்ஸப் குழுவில் புஷ்பவல்லி ஆன்ட்டி பரிகாரம் சொல்லியிருக்கிறார். யார் கேட்டது?

அண்ணி என்னைத் திட்டி முடிக்கும்வரை இவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மார்கழி நமக்குச் சரிப்படல போல. வித்துப்போடலாம்."

விற்க மாட்டேன்.

ஜனவரி 25, சனி

இன்ஷூரன்ஸிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். முதல் கேள்வியே, ஹீட் ஆனில் இருந்ததா? ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் இவர் முகத்தைப் பார்த்தேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

"ஆஃப் பண்ணுனீங்களா?"

"ஆருமில்லாத ஊட்டுக்கு எதுக்கு ஹீட்டர்னு…"

"குளிர்ல அதை அணைக்கவே கூடாதுன்னு விக்கறவங்க சொன்னதை உங்ககிட்டச் சொன்னேனுங்களே. தலையாட்டுனீங்களே! அப்பறம் எதுக்கு மார்கழின்னீங்க?"

லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

அணைத்ததை மன்னித்துவிடுவேன். பூட்டிய வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடக்கூடாது என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். குழாய் உறையும் என்று ஈரோட்டில் யார் சொல்லித்தந்தார்கள்? ஆனால் தெரிந்துகொண்டே மார்கழி மேல் பழியைப் போட்டுவிட்டு, நான் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டாரே — அதை? அதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 27

உள்ளதைச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிட்டது. அப்போதும் விற்க மாட்டேன்.

பிப்ரவரி 15, சனி

வாராவாரம் தனியாகத்தான் போகிறேன். எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் பக்கத்தில் போகிற டிரக் பனிச்சேற்றைக் கண்ணாடியில் அடித்தால் ஒரு நொடி எதுவும் தெரியாது. பயம்தான். பயந்துகொண்டே ஓட்டுகிறேன்.

பிளம்பர் புதுக் குழாய் போட்டுவிட்டு, தண்ணீரை மொத்தமாக நிறுத்துகிற வால்வைக் காட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது அதை மூடவேண்டும், ஹீட்டர் ஓடவேண்டும். இன்று புது சீலிங்குக்கு நானே பெயின்ட் அடித்தேன். கழுத்து திரும்பவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 12, புதன்

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை எதிரில் சாய்த்து வைத்திருந்தேன், அண்ணி பேசிக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றார்.

"அந்த ராசியில்லாத ஊட்டை இன்னும் விக்கலையா? மார்கழியில வாங்குனா இப்படித்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வந்து போனைக் கையில் எடுத்தார்.

"மார்கழியெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஹீட்டரை ஆஃப் பண்ணுனது நானு. பண்ண வேண்டாம்னு இவ சொல்லியுந்தான் பண்ணுனேன்."

நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு. அதற்கு நன்றி வேறு சொல்வார்களா?

போனை வைத்துவிட்டு, நறுக்கிய வெண்டைக்காயைச் சட்டியில் அள்ளிப் போட்டார். பிறகு, "வெள்ளிக்கெழம நானும் வரட்டுமா?" என்றார்.

என் வீட்டுக்கு வர என்னைக் கேட்கிறார்.

"நாலு மணிக்குக் கெளம்பறேன்" என்றேன். "வர்றதுன்னா அதுக்குள்ள காருல இருங்க."